டெபியன் 12-இல் பழைய இங்க்ஸ்கேப்பைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், பின்னால் படிக்க வருபவர்களுக்கும் புரியட்டும். ரங்கூனில் அச்சகம் நடத்துகிறீர்கள். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், ரசீதுப் புத்தகம் எல்லாம் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில்தான் அமைக்கிறீர்கள். முதல் கணினியில் ஓடும் டெபியன் லினக்ஸை 11-இலிருந்து 12-க்கு உயர்த்தியதும் இங்க்ஸ்கேப் 1.0.2 போய் 1.2.2 வந்துவிட்டது, ரசீதுகளுக்கு வரிசை எண் போடும் எக்ஸ்டென்ஷன், அதாவது கூடுதல் சிறுநிரல், ஓட மறுக்கிறது. புதிதாக டெபியன் 12 போட்ட இரண்டாவது கணினியில் பழைய மாதிரிகளைத் திறந்தால் பர்மிய எழுத்து சிதைந்து தெரிகிறது. பதிப்பு எண்ணைச் சொல்லி 1.0.2-ஐ நிறுவப் பார்த்தால், அப்படியொரு பதிப்பு கிடைக்கவில்லை என்று மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட் சொல்லிவிடுகிறது. என்ன செய்வது?

பழைய பதிப்பைக் கொண்டுவர முடியும், வழியும் சொல்கிறேன். ஆனால் உங்கள் இரண்டு தொல்லைகளில் ஒன்று அதனால் தீரவே தீராது, மற்றது தீருமா என்பது பிழைச் செய்தியைப் பொறுத்தது. போன் பில் நிரப்பி டேட்டா செலவழிக்கும் முன் அதைப் பார்த்துவிடுவோம். கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

முதலில் பர்மிய எழுத்து. 2019 அக்டோபர் 1-ஆம் தேதி நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முந்தைய கோப்புகளில் பெரும்பாலானவை ஸௌஜி எழுத்துருவில் தட்டியவை. ஸௌஜியும் யூனிகோடும் பர்மிய எழுத்துகளுக்கு ஒரே எண் வரிசையைத்தான் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் பல எண்களுக்கு இரண்டிலும் பொருள் வேறு, எழுத்துகளை அடுக்கும் வரிசையும் வேறு. கணினியில் ஸௌஜி எழுத்துரு இல்லையென்றால் இங்க்ஸ்கேப் அதே எண்களைப் படௌக் போன்ற யூனிகோடு எழுத்துருவில் காட்டும், எல்லாம் குலைந்து தெரியும். இதில் இங்க்ஸ்கேப் பதிப்புக்கு எந்தப் பங்கும் இல்லை. இரண்டாவது கணினியில் எஃப்சி-லிஸ்ட் கட்டளையைக் கொடுத்து, பட்டியலில் ஸௌஜி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் கணினியின் ஹோம் அடைவுக்குள் மறைந்திருக்கும் புள்ளி-ஃபான்ட்ஸ் அடைவிலிருந்து நகல் எடுத்துப் போட்டு, எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் ஓட்டுங்கள். பாமினியில் தட்டிய தமிழ் மாதிரிகள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் அதற்கும் இதே மருந்துதான். இனி செய்யும் வேலைகளை யூனிகோடிலேயே செய்யுங்கள். பழைய மாதிரிகளை மாற்ற நேரமில்லை என்றால், அச்சுக்குப் போகும் நகலில் மட்டும் எழுத்தைப் பாதையாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிவிடுங்கள், எந்தக் கணினியிலும் அசையாது. திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எக்ஸ்டென்ஷன். இங்க்ஸ்கேப் எக்ஸ்டென்ஷன்கள் பைத்தான் மொழியில் எழுதப்பட்டவை. டெபியன் தரும் இங்க்ஸ்கேப் அவற்றை ஓட்டுவதற்குக் கணினியில் இருக்கும் பைத்தானையே பயன்படுத்துகிறது. டெபியன் 11-இல் பைத்தான் 3.9, டெபியன் 12-இல் 3.11. அதாவது உங்கள் கணினியில் ஒரே நேரத்தில் இரண்டு விஷயம் மாறியிருக்கின்றன. இங்க்ஸ்கேப்பை மட்டும் பின்னுக்கு இழுத்தால் பைத்தான் 3.11-ஆகவே இருக்கும். கோளாறு பைத்தானில் இருந்தால் இவ்வளவு பாடுபட்டும் அந்த எக்ஸ்டென்ஷன் ஓடாது.

ஆகவே பிழைச் செய்தியைக் கவனமாகப் படியுங்கள். ஹோம் அடைவில் புள்ளி-கான்ஃபிக் அடைவுக்குள் இங்க்ஸ்கேப் அடைவு இருக்கும். அதில் எக்ஸ்டென்ஷன்-எர்ரர்ஸ் என்ற லாக் கோப்பைத் திறந்து கடைசி வரிகளைப் பாருங்கள். கலெக்ஷன்ஸ் என்ற மாட்யூலில் மேப்பிங்கோ சீக்வென்ஸோ இல்லை என்று புலம்பினால், அது பைத்தான் 3.10-இல் நீக்கப்பட்ட பழைய வழக்கம். நிரலில் கலெக்ஷன்ஸ் என்ற பெயருக்குப் பின் ஒரு புள்ளியும் ஏபிசி என்ற மூன்று எழுத்தும் சேர்த்தால் தீர்ந்தது, ஒரே வரித் திருத்தம். ஏதோ மாட்யூலே கிடைக்கவில்லை என்றால், முன்பு பைத்தான் மாட்யூல்களை நிறுவும் பிப் வழியாக நிறுவியது 3.9-க்கான அடைவில் கிடக்கிறது, 3.11 அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. டெபியன் 12-இல் பிப் நேரடியாக நிறுவவும் விடாது. கணினியின் பைத்தானை ஆப்ட் நிர்வகிக்கிறது என்று சொல்லித் தடுத்துவிடும். அந்த மாட்யூல் பைத்தான்3 என்ற முன்னொட்டோடு ஆப்ட்டிலேயே இருக்கிறதா என்று தேடுங்கள், பெரும்பாலும் இருக்கும். பிழைச் செய்தி இன்கெக்ஸ் என்ற பெயரைச் சுற்றி வந்தால் மட்டும்தான் இங்க்ஸ்கேப் பதிப்பு மீது சந்தேகப்படலாம். இன்கெக்ஸ் என்பது இங்க்ஸ்கேப்போடு சேர்ந்து வரும் எக்ஸ்டென்ஷன் நூலகம். பதிப்புக்குப் பதிப்பு அதில் சில செயல்கூறுகள் மாறுகின்றன.

சரி, இன்கெக்ஸ்தான் காரணம் என்று வைத்துக்கொள்வோம். ஆப்ட் ஏன் 1.0.2 கிடைக்கவில்லை என்கிறது?

ஆப்ட் தானாக இணையத்தில் போய்த் தேடுவதில்லை. சோர்ஸஸ் கோப்பில் நீங்கள் எழுதிவைத்த களஞ்சியங்களின், அதாவது மென்பொருள்களை வைத்திருக்கும் சர்வர்களின், அட்டவணையை ஆப்ட் அப்டேட் கொடுக்கும்போது இறக்கிவைத்துக்கொள்கிறது. அந்த அட்டவணையில் இருப்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். டெபியன் களஞ்சியத்தில் ஒரு வெளியீட்டுக்கு ஒரு மென்பொருளின் ஒரு பதிப்புதான் இருக்கும். பாதுகாப்புத் திருத்தம் வந்தால் அதற்கு மேல் ஒன்று. 11-இலிருந்து 12-க்கு மாறியபோது சோர்ஸஸ் கோப்பில் 11-இன் பெயரான புல்ஸ்ஐயை எடுத்துவிட்டு 12-இன் பெயரான புக்வார்ம் என்று போட்டிருப்பீர்கள். அந்த நிமிடமே 1.0.2 உங்கள் ஆப்ட்டின் பார்வையிலிருந்து போய்விட்டது. டெபியன் சர்வரில் அது இன்னும் இருக்கிறது. ஆப்ட்-கேஷ் பாலிசி இங்க்ஸ்கேப் என்று கொடுத்தால் எந்தக் களஞ்சியத்தில் எந்தப் பதிப்பு, எதற்கு எவ்வளவு முன்னுரிமை என்று காட்டும். ஆப்ட்-கேஷ் மேடிசன் இங்க்ஸ்கேப் என்றால் அதையே சுருக்கமாக வரிக்கு ஒன்றாகக் காட்டும்.

முன்பு சரியாக எந்தப் பதிப்பு இருந்தது என்பதை ஞாபகத்திலிருந்து சொல்ல வேண்டாம். வார் அடைவுக்குள் லாக், அதற்குள் ஆப்ட், அதில் ஹிஸ்டரி லாக். எந்தத் தேதியில் எது எதிலிருந்து எதற்கு மாறியது என்று முழுப் பதிப்பு எண்ணோடு அங்கே எழுதியிருக்கும். பழைய மாதங்களின் கோப்புகள் சுருக்கப்பட்டிருக்கும், இசட்லெஸ் கொண்டு படிக்கலாம். 1.0.2 என்று மட்டும் கொடுத்தால் ஆப்ட்டுக்குப் போதாது. கோடு போட்டு அதற்குப் பின் வரும் டெபியன் திருத்த எண்ணும் வேண்டும். சில மென்பொருள்களில் எண்ணுக்கு முன்னால் ஒன்றும் முக்காற்புள்ளியும் இருக்கும், அதையும் விடக்கூடாது. பதிப்பு கிடைக்கவில்லை என்ற செய்தி பலருக்கு இந்தக் காரணத்தாலேயே வருகிறது.

இப்போது களஞ்சியத்தைச் சேர்ப்பது. சோர்ஸஸ் கோப்பில் இருக்கும் புக்வார்ம் வரியை நகலெடுத்து, நகலில் மட்டும் பெயரை புல்ஸ்ஐ என்று மாற்றுங்கள். வரியின் கடைசியில் மெயின் மட்டும் போதும். டெபியன் 12-இல் புதிதாக வந்த நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் பிரிவு 11-இல் கிடையாது, அதை விட்டுவைத்தால் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். செக்யூரிட்டி வரிக்கும் இதேபோல ஒரு நகல் போடுங்கள். அங்கே பெயர் புல்ஸ்ஐ-செக்யூரிட்டி.

ஆப்ட் அப்டேட் கொடுக்கும் முன் ஒரு தடுப்புப் போட வேண்டும். ஈடிசி அடைவுக்குள் ஆப்ட், அதற்குள் ப்ரிஃபரன்ஸஸ்.டி என்ற அடைவில் ஒரு புதிய கோப்பு உருவாக்குங்கள். மூன்று வரிகள்: பேக்கேஜ் என்பதற்கு நேரே நட்சத்திரக் குறி, பின் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரே ரிலீஸ், இடைவெளி விட்டு என் என்ற ஆங்கில எழுத்து, சமக்குறி, புல்ஸ்ஐ, ஒட்டினாற்போல் நட்சத்திரக் குறி, பின்-ப்ரையாரிட்டி என்பதற்கு நேரே 100. புல்ஸ்ஐக்குப் பின்னால் நட்சத்திரம் வைத்தால்தான் செக்யூரிட்டி வரியும் இதில் அடங்கும்.

அந்த 100-இன் கணக்கு இதுதான். சாதாரணக் களஞ்சியத்துக்கு முன்னுரிமை 500. புல்ஸ்ஐக்கு 100 கொடுத்தால், புக்வார்மில் கிடைக்கும் எதையும் ஆப்ட் அங்கிருந்தே எடுக்கும். புல்ஸ்ஐயில் மட்டும் இருப்பது தேவைப்பட்டால் அங்கே போகும். 1000-க்கு மேல் கொடுத்தால், கணினியில் இருப்பதைவிடப் பழையதாக இருந்தாலும் இழுத்துவந்து போட்டுவிடும். எல்லாப் பேக்கேஜுக்கும் 1001 என்று தவறிப் போட்டால் கணினி முழுவதையும் பின்னுக்கு இழுக்கப் பார்க்கும், இதில் மிகவும் கவனம் வேண்டும். சுழிக்குக் கீழே கொடுத்தால் அந்தக் களஞ்சியத்தையே தொடாது. பாதுகாப்பு என்று நினைத்துக் கழித்தல் எண் போட்டுவிடாதீர்கள். பழைய இங்க்ஸ்கேப்புக்கு வேண்டிய நூலகங்கள் சில புல்ஸ்ஐயில் மட்டுமே இருக்கின்றன.

அதற்கு ஓர் உதாரணம் பாப்ளர். பிடிஎஃப் கோப்பைத் திறக்கும் நூலகம் அது. டெபியன் 11-இன் இங்க்ஸ்கேப் கேட்பது லிப்பாப்ளர்102. டெபியன் 12-இல் இருப்பது லிப்பாப்ளர்126. பெயரிலேயே எண் வேறு என்பதால் இரண்டும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் இருக்கும். பெயர் ஒன்றாகவும் பதிப்பு வேறாகவும் இருக்கும் நூலகம் என்றால்தான் ஆபத்து: பழையதை உள்ளே விட்டால் புதியதை நம்பியிருக்கும் மற்ற மென்பொருள்கள் விழும்.

அப்புறம் ஆப்ட் அப்டேட். அடுத்து ஒத்திகை: ஆப்ட் இன்ஸ்டால், ஒரு சிறுகோடும் எஸ் எழுத்தும், பிறகு இங்க்ஸ்கேப் என்று எழுதி இடைவெளி விடாமல் சமக்குறி போட்டு முழுப் பதிப்பு எண். எஸ் இருப்பதால் எதையும் மாற்றாமல், என்ன செய்வேன் என்று மட்டும் ஆப்ட் சொல்லும். அந்தப் பட்டியலை ஒரு வரி விடாமல் படியுங்கள். பதிப்பு இறக்கப்படுவதாக இங்க்ஸ்கேப் மட்டும் தெரிந்தால், புதிதாக நிறுவுவதில் லிப்பாப்ளர்102 போன்ற சில பெயர்கள் மட்டும் இருந்தால், நீக்கும் பட்டியல் காலியாக இருந்தால், எஸ்-ஐ எடுத்துவிட்டு நிஜமாக ஓட்டலாம். நீக்கும் பட்டியலில் டெஸ்க்டாப்பின் பாகங்கள், பைத்தான், அடிப்படை நூலகமான லிப்சி என்று எதைப் பார்த்தாலும் அங்கேயே நின்றுவிடுங்கள். அந்த வழி உங்களுக்கு ஆகாது.

நிறுவி முடிந்ததும் ஆப்ட்-மார்க் ஹோல்டு இங்க்ஸ்கேப் என்று கொடுங்கள். இது இல்லையென்றால் அடுத்த அப்கிரேடில் 1.2.2 மறுபடி வந்து உட்கார்ந்துவிடும். ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு கொடுத்தால் எதையெல்லாம் பிடித்துவைத்திருக்கிறோம் என்று தெரியும். எதற்காகப் பிடித்துவைத்தோம் என்பதை அந்த ப்ரிஃபரன்ஸஸ் கோப்பிலேயே ஒரு குறிப்பு வரியாக எழுதிவையுங்கள். டெபியன் 13-க்குப் போகும்போது இந்த ஹோல்டு குறுக்கே நிற்கும், அப்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

மின்சாரம் முறை வைத்து வரும் ஊரில் இந்த வேலையைச் செய்வதால் இதையும் சொல்ல வேண்டும். இறக்குவதையும் நிறுவுவதையும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். இரண்டு சிறுகோடு போட்டு டவுன்லோடு-ஒன்லி என்று சேர்த்தால் கோப்புகளை இறக்கிவைப்பதோடு நின்றுகொள்ளும். லைன் அறுந்தாலும் கவலையில்லை, மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மின்சாரமோ பேட்டரியோ உறுதியாக இருக்கும் நேரத்தில் நிறுவுங்கள். நிறுவும்போது நடுவில் அணைந்துவிட்டாலும் பயப்பட வேண்டாம். கணினி திரும்பி வந்ததும் டிபிகேஜி, இரண்டு சிறுகோட்டோடு கன்ஃபிகர், ஒரு சிறுகோட்டோடு ஏ. பாதியில் நின்றதை அது முடித்துவைக்கும். அதற்குப் பிறகும் குறை சொன்னால் ஆப்ட் இன்ஸ்டால், ஒரு சிறுகோட்டோடு எஃப்.

இறக்கிய டெப் கோப்புகள், அதாவது டெபியனின் நிறுவல் கோப்புகள், வார் அடைவுக்குள் கேஷ், ஆப்ட், ஆர்க்கைவ்ஸ் என்ற இடத்தில் கிடக்கும். பலரும் கவனிக்காத வேறுபாடு ஒன்று இங்கே உண்டு. ஆப்ட் என்ற புதிய கட்டளையில் நிறுவினால், முடிந்ததும் அந்த டெப் கோப்புகளை அது அழித்துவிடும். ஆப்ட்-கெட் என்ற பழைய கட்டளை அழிக்காது. நம் ஊர் லைனுக்கு ஆப்ட்-கெட்டே நல்லது. நிறுவியதும் அந்த அடைவை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துவிட்டால், அடுத்த கணினிக்கு இணையமே வேண்டாம். கோப்பின் பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் போட்டு ஆப்ட் இன்ஸ்டால் கொடுத்தால் போதும். டெப் கோப்பு எங்கும் இல்லை, ஆனால் எங்கோ ஒரு கணினியில் பழைய பதிப்பு நிறுவிய நிலையில் இருக்கிறது என்றால், டிபிகேஜி-ரீபேக் என்ற கருவி அதிலிருந்தே டெப் கோப்பைத் திரும்பக் கட்டித்தரும். டெபியன் 11 இன்னும் ஓடும் கணினி உங்கள் கடையிலோ நண்பர் கடையிலோ இருந்தால், அதை உயர்த்தும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

இத்தனையும் எழுதிவிட்டேன். ஆனாலும் உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வழியில் போகமாட்டேன். டெபியனில் பதிப்பைக் கீழே இறக்குவதற்கு ஆதரவு கிடையாது. பேக்கேஜோடு வரும் ஸ்கிரிப்ட்கள் முன்னேறிப் போவதற்காக எழுதப்பட்டவை. இங்க்ஸ்கேப் விஷயத்தில் இதைவிட நல்ல வழி இருக்கிறது. 1.0-இலிருந்து இங்க்ஸ்கேப் குழுவே ஆப்இமேஜ் வடிவில் ஒவ்வொரு பதிப்பையும் தருகிறது. ஒரே கோப்பு. அதற்கு வேண்டிய நூலகங்களும் பைத்தானும் உள்ளேயே இருக்கும். இறக்கி, ஓடும் அனுமதி கொடுத்து, சொடுக்கினால் போதும். ஆப்ட்டுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது, 1.2.2 அதன் பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். ஓடவில்லையென்றால் லிப்ஃபியூஸ்2 நிறுவியிருக்கிறதா என்று பாருங்கள். வரிசை எண் வேலைக்கு மட்டும் பழையதைத் திறந்து, மற்ற எல்லாவற்றுக்கும் புதியதைப் பயன்படுத்தலாம்.

ஆப்இமேஜ் இல்லாத பழைய மென்பொருள் என்றால் டிஸ்ட்ரோபாக்ஸ். ஒரு முழு டெபியன் 11-ஐயே, அதன் பைத்தான் 3.9 உட்பட, டெபியன் 12-க்குள் தனிக் கூண்டில் வைத்து ஓட்டலாம். டேட்டா கூடுதலாகச் செலவாகும், ஆனால் அடிப்படைக் கணினி கெடாது.

இரண்டு பதிப்பும் கடையில் ஓடும்போது வேலை செய்பவர்களிடம் ஒன்றைச் சொல்லிவையுங்கள். ஒரே கோப்பில் பல பக்கம் வைக்கும் வசதி 1.2-இல்தான் வந்தது. அப்படிச் சேமித்த கோப்பை 1.0.2-இல் திறந்தால் முதல் பக்கம் மட்டும் பக்கமாகத் தெரியும், மற்றவை பக்கத்துக்கு வெளியே கிடக்கும். அதைக் கவனிக்காமல் சேமித்துவிட்டால் பக்க அமைப்பை மறுபடி செய்ய வேண்டிவரலாம். எந்த மாதிரி எந்தப் பதிப்புக்கு என்பதை அடைவின் பெயரிலேயே போட்டுவிடுங்கள்.

வேறு லினக்ஸ் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாக. உபுண்டுவில் ஆப்ட் முறை இதேதான்; களஞ்சியத்திலிருந்து போன இடைப்பட்ட பதிப்புகள் லாஞ்ச்பேடு என்ற உபுண்டு தளத்தில் கிடைக்கும். டெபியனுக்கு ஸ்நாப்ஷாட் களஞ்சியம் இருக்கிறது, 2005 முதல் நாள் வாரியாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்; பழைய நாளின் அட்டவணை காலாவதி என்று ஆப்ட் மறுக்கும்போது செக்-வேலிட்-அன்டில் என்பதற்கு நோ கொடுக்க வேண்டும். கையொப்பச் சோதனையை மட்டும் எந்தக் காரணத்துக்கும் நிறுத்தாதீர்கள். ஃபெடோராவில் டிஎன்எஃப் டவுன்கிரேடு இருக்கிறது, அதைவிட டிஎன்எஃப் ஹிஸ்டரி அண்டூ அழகாக வேலை செய்யும். ஆர்ச்சில் பேக்மேன் கேஷில் பழைய கோப்பு இருந்தால் பேக்மேன், பெரிய யு எழுத்தோடு. ஆனால் பாதியைப் பழையதாகவும் பாதியைப் புதியதாகவும் வைப்பதை ஆர்ச் ஏற்பதில்லை.

டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலை அப்படியே பின்பற்ற வேண்டாம். மைஎஸ்க்யூஎல் 8.0-ஐ நிறுவி அது ஒருமுறை ஓடிவிட்டால் தகவல் கோப்புகளின் வடிவம் மாறிவிடும். அதன் மேல் 5.7-ஐப் போட்டால் திறக்காது. பேக்கேஜ் மேனேஜர் நிரலைத்தான் பின்னுக்குக் கொண்டுபோகும், தகவலைக் கொண்டுபோகாது. கடைக் கணக்கு அப்படி ஒன்றில் இருந்தால், உயர்த்துவதற்கு முன் எடுத்த பேக்கப் ஒன்றுதான் வழி.

ஆப்ட் வழியில்தான் போவேன் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். டெபியன் 11-க்கான நீண்டகால ஆதரவுக்கு 2026 ஆகஸ்ட் 31 என்று கடைசி நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பழைய பாப்ளருக்குப் பாதுகாப்புத் திருத்தம் வராது. அச்சகத்தில் வாடிக்கையாளர்கள் பென் டிரைவிலும் போனிலும் கொண்டுவரும் பிடிஎஃப்களைத் திறக்கும் நூலகமே அதுதான். வெளியிலிருந்து வரும் பிடிஎஃப் எதையும் பழைய இங்க்ஸ்கேப்பில் திறக்காதீர்கள், புதியதில் திறந்து எஸ்விஜியாகச் சேமித்துக் கொடுங்கள்.

முதல் வேலையாக அந்த எக்ஸ்டென்ஷன் லாக் கோப்பின் கடைசி ஐந்தாறு வரிகளை எனக்கு அனுப்புங்கள். கலெக்ஷன்ஸ் கோளாறாக இருந்தால் எந்த வரியை மாற்ற வேண்டும் என்று அன்றைக்கே சொல்லிவிடுகிறேன், நீங்கள் ஒரு எம்பி கூட இறக்க வேண்டியிருக்காது.